ஊர்திக்கும் ஓர் அளவு

(தசலட்சண விழாவின் ஒன்பதாம் நாளாகிய ஆகிஞ்சன்ய நாளன்று நிகழ்ந்த உரை)

 

பத்து அறங்களுள் ஒன்பதாவதாக வைத்துப் போற்றப்படுவது ஆகிஞ்சன்யம். 'எனது என்று யாதொன்றும் இல்லை' என்னும் உள்ளத் தெளிவே அதன் பொருள். இந்நாளில் பெரும்பாலும் முனிவர்களின் வாழ்வே எடுத்துரைக்கப்படும். மயிற்பீலியும் கமண்டலமும் அன்றி வேறொன்றும் கொள்ளாத திகம்பர முனிவர், எந்த ஊர்தியிலும் ஏறாமல், நான்கு முழத் தொலைவு நிலத்தைக் கூர்ந்து நோக்கி, சிற்றுயிர்க்கும் ஊறு நேராதவாறு நடந்து செல்லும் காட்சி கேட்போர் உள்ளத்தை உருக்கும். உரை முடிந்ததும் இல்லறத்தார் வீடு திரும்புவர். வழியில், பக்கத்து வீட்டு வாசலில் புதிதாக நிற்கும் காரைக் கண்டு பிள்ளை கேட்கும்: "அப்பா, நம் வீட்டுக்கு எப்போது?"

அந்தக் கேள்விக்கும் ஆகிஞ்சன்யத்துக்கும் தொடர்பு உண்டு. முனிவர்க்கு உரியது முற்றத் துறத்தல்; இல்லறத்தாருக்கு உரியது அளவு செய்தல். அதனையே நூல்கள் 'பரிக்கிரக பரிமாணம்' என்றும், தமிழ் மரபு 'மிகுபொருள் விரும்பாமை' என்றும் வழங்குகின்றன. இன்று ஒரு நடுத்தரக் குடும்பம் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெருந்தொகை செலவிடுவது காருக்குத்தான். ஆகவே வருவாயில் எவ்வளவு காருக்கு என்னும் வினா, வங்கிக் கணக்கைச் சார்ந்த வினா மட்டுமன்று. அது விரதத்தைச் சார்ந்த வினாவும் ஆகும்.

நூல் கூறும் ஐந்து குற்றங்கள்

ஆசாரியர் சமந்தபத்திரர் இயற்றிய 'இரத்தினகரண்டக சிராவகாசாரம்' இல்லறத்தார் ஒழுக்கத்தை விரித்துரைக்கும் நூல். அதன் பொருளைத் தழுவித் தமிழில் 180 குறள் வடிவப் பாக்களில் அமைந்தது 'அருங்கலச்செப்பு'. பொருளை அளவு செய்து கொண்டவருக்கு நேரக்கூடிய குற்றங்கள் ஐந்து எனச் சமந்தபத்திரர் வரிசைப்படுத்துகிறார். அவ்வரிசையில் முதலாவதாக நிற்பது 'அதிவாகனம்' என்பதை இன்றைய சிராவகர் வியப்போடு நோக்க வேண்டும். தேவைக்கு மிஞ்சிய ஊர்திகளை வைத்துக்கொள்ளுதல் என்று அதற்குப் பொருள் கூறுவோர் உண்டு. ஆசையால் தூண்டப்பட்டு, இழுக்கும் மாட்டை அதன் ஆற்றலுக்கு மேல் ஓட்டுதல் என்று உரைப்போரும் உண்டு. இரண்டாவது, அளவு கடந்து சேர்த்தல். மூன்றாவது, பிறர் செல்வத்தைக் கண்டு வியந்து நிற்றல். நான்காவது, பேராசை. ஐந்தாவது, தாங்க இயலாத பாரத்தை ஏற்றுதல்.

மாட்டு வண்டிக் காலத்தில் சொல்லப்பட்ட இவ்வைந்தும் காருக்கு அப்படியே பொருந்துகின்றன. ஒரு கார் போதுமான வீட்டில் இரண்டு நிற்பது முதற்குற்றம். அடுத்த வீட்டுக் காரைக் கண்டு தன் வீட்டுக் கணக்கை மாற்றிக்கொள்வது மூன்றாம் குற்றம். பாரம் ஏற்றுதல் என்பது அன்று வாயில்லா விலங்கைக் குறித்தது. இன்று மாதத் தவணையின் பாரத்தைச் சுமப்பவர் குடும்பத் தலைவர் மட்டுமல்லர். அவருடைய தாயும் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்தே சுமக்கின்றனர். அவர்களுள் பலர் வாய் திறந்து சொல்வதில்லை.

அந்நூல் மேலும் ஒரு படி செல்கிறது. நுகர்பொருள்களை அளவு செய்யும் விரதத்தில், உணவு, படுக்கை, ஆடை, அணி முதலியவற்றோடு ஊர்தியையும் சேர்த்துச் சொல்லி, ஒரு நாள், ஒரு பக்கம், ஒரு மாதம், ஒரு பருவம் எனக் காலம் குறித்து அவற்றைக் கட்டுப்படுத்திக் கொள்ளலாம் என்கிறது. வாழ்நாள் முழுதும் விட இயலாதவர் சில காலமேனும் விடலாம் என்னும் இந்த நெகிழ்ச்சி, இல்லறத்தாரின் நிலையறிந்து வகுத்த நெறி.

நான்கு பங்கு

அளவு வேண்டும் என்பது சரி, எவ்வளவு? இதற்கு விடை தரும் மரபும் சைன நூல்களில் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த சுவேதாம்பர ஆசாரியர் ஹேமசந்திரர், தம் 'யோகசாத்திர'த்தில் நல்ல இல்லறத்தாருக்கு உரிய 35 பண்புகளை எண்ணும்போது, வருவாய்க்குத் தக்க செலவை அவற்றுள் ஒன்றாக வைத்தார். வருவாயை நான்காகப் பகுக்கும் பழைய முறையொன்றும் அதன் விரிவுரையில் காட்டப்படுகிறது. ஒரு பங்கு சேமிப்பு. ஒரு பங்கு தொழிலுக்கு முதலீடு. ஒரு பங்கு அறத்துக்கும் சொந்த நுகர்வுக்கும். ஒரு பங்கு காக்க வேண்டியவர்களைக் காப்பதற்கு.

இப்பகுப்பில் நுட்பம் ஒன்று இருக்கிறது. அறமும் நுகர்வும் ஒரே பங்கில் வைக்கப்பட்டுள்ளன. நுகர்வு பெருகினால் சுருங்குவது அறமே என்பதை அந்தப் பகுப்பே காட்டிவிடுகிறது. ஆகவே கார் வாங்க எண்ணுவோர் முதலில் கேட்க வேண்டியது, 'இது எந்தப் பங்கிலிருந்து வருகிறது?' என்பது. சரக்கு ஏற்றவும் வாடிக்கையாளரைக் காணவும் பயன்படும் வண்டி தொழிற்பங்கைச் சேர்ந்தது. அது தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும். நடக்க இயலாத முதியோரை வாரந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வண்டி காக்கும் பங்கைச் சேர்ந்தது. மற்றவை நுகர்வுப் பங்கைச் சேர்ந்தவை. விற்பனைக் கூடத்தில் நிற்கும்போது எல்லாக் காரும் தாயின் மருத்துவத்துக்காகவே வாங்கப்படுவது போலத் தோன்றும். வீட்டுக்கு வந்து ஓராண்டு கழித்து, ஓடிய தூரத்தில் மருத்துவமனைக்கு ஓடியது எவ்வளவு என்று பார்த்தால் உண்மை விளங்கும்.

நல்லூர்க் குடும்பம் ஒன்றின் கணக்கு

விருத்தாசலத்தை அடுத்த நல்லூரில் ஒரு குடும்பம் வாழ்வதாக வைத்துக்கொள்வோர் இக்கணக்கை எளிதில் பின்பற்றலாம். கணவர் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடம் ஒன்றில் மேற்பார்வையாளர். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. மூட்டு வலியால் துன்புறும் தாய். பிளஸ் டூ படிக்கும் மகள். எட்டாம் வகுப்பு மகன். இருவர் ஊதியமும் சேர்த்து ஏட்டில் 70,000 ரூபாய். கைக்கு வருவது 60,000. தாயின் அறுவை சிகிச்சைக்கும் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கும் என்று சிறுகச் சிறுகச் சேர்த்த 3 லட்சம் ரூபாய் வங்கியில் இருக்கிறது.

பீங்கான் தொழில் அறிந்தவர்க்கு ஓர் உண்மை தெரியும். ஈர மண்ணில் வார்த்த உரு உலரும்போதும் சுருங்கும், சூளையில் வேகும்போதும் சுருங்கும். அச்சு செய்பவர் அந்தச் சுருக்கத்தை முன்பே கணக்கிட்டு அச்சைப் பெரிதாகச் செய்வார். வருவாயும் அவ்வாறே. ஏட்டில் உள்ள ஊதியம் ஈரமண். பிடித்தங்கள் எல்லாம் போகக் கைக்கு வருவதே வெந்த பாத்திரம். கார்க் கணக்கைத் தொடங்க வேண்டியது 70,000 ரூபாயிலிருந்து அன்று, 60,000 ரூபாயிலிருந்து. நான்கு பங்கு முறைப்படி ஒரு பங்கு 15,000 ரூபாய்.

முதல் வழி: வரி, காப்பீடு, பதிவு எல்லாம் சேர்த்து 12 லட்சம் ரூபாய்க்கு ஒரு பெரிய கார். முன்பணம் 2 லட்சம்; கடன் 10 லட்சம்; வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம்; தவணை 7 ஆண்டு. மாதத் தவணை 16,089 ரூபாய். மாதம் 800 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோல் ஏறத்தாழ 5,000. காப்பீட்டுக்கு மாதம் 2,500. சர்வீஸ், டயர் முதலியவற்றுக்கு 2,000. ஆக, மாதம் 25,589 ரூபாய். இது வருவாயில் 42 சதவீதத்துக்கும் மேல். நான்கு பங்கில் ஒன்றரைப் பங்குக்கு மேல் விழுங்கிவிடும் செலவு. ஏழாண்டில் வட்டி மட்டும் 3.5 லட்சம் ரூபாய். மகளின் கல்லூரிக்கும் தாயின் மூட்டுக்கும் எனச் சேர்த்ததைவிட அது மிகுதி.

கதை இதோடு முடிவதில்லை. கடனில் வாங்கிய வீட்டுமனை விலை ஏறக்கூடும். கார் விலை இறங்கியே தீரும். காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் தேய்மான அட்டவணைப்படி, வண்டியின் மதிப்பு முதல் ஆண்டு முடிவதற்குள் 15 சதவீதமும், ஐந்தாம் ஆண்டுக்குள் 50 சதவீதமும் குறைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்த ஐந்தாம் ஆண்டின் முடிவில், மேற்சொன்ன குடும்பம் இன்னும் 3.5 லட்சம் ரூபாய் கடன் செலுத்த வேண்டியிருக்கும்.

இரண்டாம் வழி: 6 லட்சம் ரூபாய்க்கு ஒரு சிறிய கார். முன்பணம் 3 லட்சம். கடன் 3 லட்சம். தவணை 4 ஆண்டு. மாதத் தவணை 7,466, பெட்ரோல் 4,400, காப்பீடு 1,250, பராமரிப்பு 1,500. ஆக 14,616 ரூபாய். ஒரு பங்கு கிட்டத்தட்ட முழுமையாகத் தீர்கிறது. நுகர்வுப் பங்கை முழுதும் கார் எடுத்துக்கொண்டால், அதே பங்கில் இருக்க வேண்டிய தானத்துக்கு இடமில்லை. முன்பணமோ தாயின் சிகிச்சைப் பணம்.

மேல்நாட்டு நிதி ஆலோசகர்கள் கூறும் கணக்கு ஒன்றும் உண்டு. விலையில் 20 சதவீதம் முன்பணம், தவணை 4 ஆண்டுக்கு மேற்படாமை, எல்லாம் சேர்ந்த கார்ச் செலவு வருவாயில் 10 சதவீதத்துக்கு மேற்படாமை. இதன்படி நல்லூர்க் குடும்பம் காருக்குச் செலவிடத் தக்கது மாதம் 6,000 ரூபாய். அத்தொகையில் இன்று புதுக்கார் எதுவும் நிற்காது.

மூன்றாம் வழி காத்திருத்தல். இருசக்கர வண்டியின் பெட்ரோலுக்கும் பேருந்து, இரயில் கட்டணத்துக்கும் மாதம் 2,500 ரூபாய். மருத்துவமனைக்கோ கோயிலுக்கோ மாதம் ஒருமுறை வாடகைக் கார் எடுக்க 3,000 ரூபாய் என்று கொண்டால் ஆவது 5,500. வருவாயில் 10 சதவீதத்துக்கும் குறைவு. மேலும் 7,000 ரூபாயை மாதந்தோறும் தொடர் வைப்பில் இட்டு வந்தால் மூன்று ஆண்டில் வட்டியோடு 2.75 லட்சத்தை ஒட்டி வரும். அன்று, நல்ல நிலையில் உள்ள பழைய கார் ஒன்றைக் கடனின்றி வாங்கலாம். அதன்பின் பெட்ரோல் 4,400, காப்பீடு 1,250, பழுது பார்க்க 2,500 என 8,150 ரூபாய் ஆகும். ஒரு பங்கில் 6,850 ரூபாய் மீதம் நிற்கும். அந்த மீதத்தில்தான் ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானமும் உயிர் வாழும். மூன்று ஆண்டும் வங்கியில் இருக்கும் 3 லட்சத்தைத் தொட வேண்டியதில்லை. தாய் நடப்பார், மகள் படிப்பாள்.

காத்திருக்கும் காலத்தில் கைவிடப்பட்டவர்களாக அவர்கள் இரார். விருத்தாசலம் சந்திப்பு, விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் ஆகிய நான்கு திசைகளுக்கும் இரயில் செல்லும் இடம். சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் 2021 முதல் நடைமுறையில் உள்ளது. நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால் அழைக்கத் தக்கது 108. தமிழ்நாட்டில் 2008 முதல் கட்டணமின்றி இயங்கும் ஊர்தி அது. 'அவசரத்துக்கு ஒரு கார் வேண்டாமா?' என்று கேட்போர் இதனையும் எண்ண வேண்டும்.

ஆசை எங்கே விளைகிறது?

கார் ஆசை தானாக முளைத்தது அன்று, வளர்க்கப்பட்டது. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908இல் கொணர்ந்த 'மாடல் டி' கார், விலை குறைந்துகொண்டே வந்து எளியோர் கைக்கும் எட்டியது. கடனில் விற்பதை அவர் விரும்பவில்லை. போட்டி நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 1919இல் கார்க் கடனுக்கென்றே தனி நிறுவனம் தொடங்கியது. பின்னர் ஆண்டுதோறும் புது வடிவம் காட்டும் முறையையும் வளர்த்தது. ஓடும் கார் இருக்கும்போதே அது பழையதாகிவிட்டது என்னும் எண்ணத்தை அம்முறை விதைத்தது. சமந்தபத்திரர் சொன்ன மூன்றாம் குற்றமாகிய வியப்பு, அங்கே வணிக முறையாயிற்று.

இந்தியாவில் 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவரும் வரை நடுத்தரக் குடும்பம் காரைக் கனவிலும் எண்ணியதில்லை. 1998இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தபின், கார் செய்யும் தொழிலே தமிழகத்தின் வட மாவட்டங்களுக்கு வாழ்வு தருவதாயிற்று. அது நன்மையே. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பெரிய கார்களுக்கு 40 சதவீதம். வரி குறைந்ததைக் கேட்டுச் சிலர் அந்த மிச்சத்தில் இன்னும் பெரிய காரைத் தேடினர். வரி குறைவது அரசின் முடிவு. அளவு குறைவதும் பெருகுவதும் வாங்குவோரின் முடிவு.

சிங்கப்பூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இதனை வேறு வகையில் அறிவர். அங்கே 1990 முதல் கார் வைத்துக்கொள்ளவே ஏலத்தில் உரிமச் சான்று வாங்க வேண்டும். பத்தாண்டுக்குச் செல்லும் அச்சான்றின் விலை, சிறிய காருக்குக்கூட, 2023இல் ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. ஆகவே நல்ல ஊதியம் பெறுவோரும் இரயிலிலும் பேருந்திலும் செல்கின்றனர். அதனால் எவரும் மதிப்புக் குறைந்தவராக எண்ணப்படுவதில்லை. அங்கே அரசு விதித்த அளவை, இங்கே சிராவகர் தாமே விதித்துக்கொள்ள வேண்டும் என்பதே வேறுபாடு.

ஆசை விளையும் மற்றோர் இடம் திருமண வீடு. மணமகன் வீட்டார் வாய்விட்டுக் கேட்காமல், 'உங்கள் பெண்ணுக்குத்தானே' என்று குறிப்பால் உணர்த்த, பெண்ணைப் பெற்றவர் கடன் வாங்கிக் கார் அளிக்கும் வழக்கம் எந்தச் சமூகத்திலும் நுழையலாம். வரதட்சணை தடைச் சட்டம் 1961 முதல் நடைமுறையில் இருக்கிறது. கேட்பதும் கொடுப்பதும் வாங்குவதும் அதன்படி குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, கள்ளாமை என்னும் அணுவிரதம் பூண்ட வீட்டில், மனமுவந்து தரப்படாத பொருள் வாசலில் நிற்கலாகாது. அத்தகைய கார் ஏறிக் கோயிலுக்குச் சென்றாலும், சென்ற இடத்தில் வினை கழியாது.

விரதமாகக் கொள்ளும் முறை

திருவள்ளுவர் வருவாய்க்கும் செலவுக்கும் உள்ள உறவை வைத்த இடம் 'வலியறிதல்' என்னும் அதிகாரம். மயிலிறகு ஏற்றிய வண்டியின் உவமையும் அதே அதிகாரத்தில்தான் உள்ளது. தன் பொருளின் அளவறிதல் கருமித்தனம் ஆகாது. அது தன் வலிமையை அறிதலே. அவ்வலிமையை அறிந்த குடும்பம் இந்த ஆகிஞ்சன்ய நாளில் ஐந்து முடிவுகளை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, எண்ணிக்கை: இவ்வீட்டுக்கு ஒரு கார் அல்லது எதுவுமில்லை. இரண்டாவது, பங்கு: காரின் தவணையும் ஓட்டச் செலவும் சேர்ந்து கைக்கு வரும் வருவாயில் இத்தனை சதவீதத்தைத் தாண்டாது. பத்து என்று கொள்பவர் உயர்ந்தவர். பதினைந்து என்று கொள்பவர் நல்லவர். ஒரு முழுப் பங்காகிய இருபத்தைந்தைத் தொடுபவர் தம் தானம் என்னவாயிற்று என்று பார்க்கக் கடவர். மூன்றாவது, கடன்: சிகிச்சைக்கும் கல்விக்கும் சேர்த்த பணம் முன்பணம் ஆகாது. நான்காவது, காலம்: வாங்கிய வண்டியைப் பத்தாண்டேனும் ஓட்டுவது, புது வடிவம் வந்தது என்று மாற்றாதிருப்பது. ஐந்தாவது, தூரம்: திசையளவு விரதம் கொண்ட முன்னோரைப் போல, மாதம் இத்தனை கிலோமீட்டர் என்று குறித்துக்கொள்வது, சதுர்த்தசி, அட்டமி நாட்களில் இயன்றவரை காரை எடுக்காதிருப்பது.

இந்த ஐந்தில் தூரம் என்பது செலவுக்கும் கொல்லாமைக்கும் பொதுவானது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பது மத்திய அரசின் கணக்கு. பெரும்பான்மை மிகுவேகத்தால் நேர்ந்தவை. சக்கரத்தில் சிக்கிய சிற்றுயிர்களுக்குக் கணக்கே இல்லை. ஆகவே செலவைக் குறைக்கும் ஆர்வத்தில் தேய்ந்த டயரோடும் பழுதான பிரேக்கோடும் ஓட்டுவது சிக்கனம் ஆகாது, அது இம்சை. கார் வைத்திருக்கும் வீட்டில் பாதுகாப்புக்குச் செய்யும் செலவே முதற்செலவாக வேண்டும்.

முடிவுகளை எப்போது எடுப்பது என்பதும் முக்கியம். விற்பனைக் கூடத்தில், சாவி கைக்கு வரும் நேரத்தில் எடுக்கும் முடிவு ஆசையின் முடிவு. கோயிலில், மனம் அமைந்த நாளில், குடும்பத்தார் முன்னிலையில் எடுக்கும் முடிவே விரதம். தாயும் மனைவியும் பிள்ளைகளும் அக்கணக்கை அறிந்திருக்க வேண்டும். தவணையின் தொகையை அறிந்த மகன், அடுத்த வீட்டுக் காரைக் கண்டு தந்தையைத் துளைக்க மாட்டான். மறுபடி கேட்டாலும், அந்தத் தாய் சொல்லிவிடுவார்: "மூன்று வருஷம் பொறு, தம்பி. வாங்குகிறபோது யாருக்கும் கடன்படாமல் வாங்கலாம்."

உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே திருநறுங்கொண்டை மலைமேல் அப்பாண்டைநாதர் எழுந்தருளியிருக்கிறார். மேல்சித்தாமூரில் ஆண்டுதோறும் தேர்த்திருவிழா நிகழ்கிறது. அத்தேருக்கு உரிமையாளர் என ஒருவர் இல்லை. வடம் பிடித்தவர் எல்லார்க்கும் அது உரியது. விழாவுக்குச் செல்லும் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் அமர்த்திச் சென்றால், செலவு நான்கில் ஒன்றாகும். வழியெல்லாம் முதியோர் கதை சொல்வர். பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிவர். தனித்தனிக் காரில் சென்றவர் விரைவில் சென்று சேரலாம். சேர்ந்து சென்றவர் கையில், அப்பாண்டைநாதர் சந்நிதியில் தானத்துக்கு வைக்கப் பொருளும் மிஞ்சியிருக்கும்.

அளவறிந்து வாழ்வோர் இல்லத்தில் அறம் நிலைபெறுக. ஜினதர்மம் வாழ்க!